வலி கழுத்தில்... கோளாறு சைக்கிளில்!

"கழுத்தத் திருப்ப முடியல சார். தோள்பட்டை கல்லு மாதிரி கெட்டியாயிடுது. கட்டைவிரல்லேர்ந்து மூணு விரல் மரத்துப் போவுது. இன்னா செய்யறதுன்னே தெரியல..."

ஆம்பூரை அடுத்த கிராமத்திலிருந்து வந்திருந்தார் அவர். வயது நாற்பத்தெட்டு. தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை. காலையில் ஏழு கிலோமீட்டர், மாலையில் ஏழு கிலோமீட்டர், எல்லாமே சைக்கிள்தான். தோல் தொழிற்சாலைக்காரர் என்றால் நான் முதலில் கையைத்தான் பார்ப்பேன். குரோம் உப்பும் சுண்ணாம்பும் பட்டுப் பட்டு அரிப்பும் வெடிப்புமாக வருகிறவர்கள் இங்கே அதிகம். இவருக்குக் கையில் தோல் சுத்தமாக இருந்தது. கழுத்துதான் இறுகிப் போயிருந்தது.

சித்த மருத்துவத்தில் சகன வாதம் என்போம். வாத கேசரி தைலம் கொடுத்தேன். நொச்சி இலை ஒத்தடம் சொன்னேன். தலையணையை மாற்றச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்தார், அதே முகத்தோடு.

"ஞாயித்துக்கிழம நல்லாத்தான் சார் இருக்குது. திங்கக்கிழம வேலைக்குப் போனா திரும்ப வந்துடுது."

இந்த ஒரு வாக்கியத்தை அவர் முதல் நாளே சொல்லியிருந்தால் என் தைலம் மிச்சமாகியிருக்கும். கேட்காதது என் தப்பு. தொழிற்சாலையில் என்ன வேலை என்று விசாரித்தேன். கழுத்தை வளைத்துத் தூக்குகிற வேலை எதுவும் இல்லை. சரி, வண்டியைப் பார்ப்போம் என்று அவருடனே வாசலுக்கு வந்தேன்.

வேப்பமரத்தடியில் நின்றது அந்தக் கால கறுப்பு சைக்கிள். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினேன். நேராக நிற்கிற இடத்துக்கு வந்ததும் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி மாட்டிக்கொண்டது. அங்கிருந்து நகர்த்த இன்னும் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"அது கெடக்குது சார், ரெண்டு வருஷமா! நேராப் போறதுக்கு நல்லதுதானேன்னு உட்டுட்டேன்."

நேராகப் போவது நல்லதா?

நல்லதில்லை. சைக்கிள் நேராகப் போவது போல நமக்குத் தோன்றுமே தவிர, ஹேண்டில் ஒரு நிமிஷம் கூடச் சும்மா இருப்பதில்லை. இடது பக்கம் ஒரு நூல், வலது பக்கம் ஒரு நூல் என்று ஓயாமல் திரும்பித் திரும்பித்தான் வண்டி விழாமல் நிற்கிறது. ஓட்டுகிறவருக்கே தெரியாமல் கை அதைச் செய்துகொண்டிருக்கும். ஹேண்டில் நடுவில் மாட்டிக்கொண்டால் அந்தச் சின்னத் திருப்பத்துக்கும் தோளிலிருந்து பலம் கொடுக்க வேண்டும். பிடி இறுகும். உள்ளங்கை அழுந்தும். கழுத்து விறைக்கும். தினம் பதினாலு கிலோமீட்டர், ரெண்டு வருஷம்... கழுத்து என்ன செய்யும், பாவம்!

இது ஏன் ஏற்படுகிறது? ஃபிரேமின் முன்பக்கம் செங்குத்தாக ஒரு குழாய் இருக்கிறதல்லவா? அதன் மேலேயும் கீழேயும் கிண்ணம் போல ஒவ்வொரு 'கப்'. அதில் சின்னச் சின்ன எஃகு உருண்டைகள். நம் ஊரில் பால்ரஸ் என்பார்கள். அந்த உருண்டைகள் மேல் 'கோன்' உட்கார்ந்து சுழலும். இந்த மொத்தச் சாமானுக்கும் பெயர் 'ஹெட் செட்'. இதற்குள் நுழைந்து நிற்பதுதான் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க். நம் தோள் மூட்டு மாதிரிதான். கிண்ணம், அதில் உருளும் பந்து, நடுவே வழவழப்புக்குப் பசை.

பாதி நேரம் நாம் நேராகத்தான் போகிறோம். அதனால் ஒவ்வொரு குழியில் விழும்போதும் அடி அதே இடத்தில் விழுகிறது. உருண்டைகள் கிண்ணத்தில் ஆளுக்கொரு குழி பறித்துக்கொள்கின்றன. அந்தக் குழிதான் அந்த 'டக்'. கீழ்க் கப்தான் முதலில் போகும். பாரம் அதன் மேல். முன்சக்கரம் வாரியடிக்கிற சேற்றுத் தண்ணீரும் அதற்குள்தான் போகும்.

எங்கள் பகுதியில் இன்னொரு வில்லன் உண்டு: உப்பு! பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். அதை உதறுகிற இடத்தில் உப்புத் தூள் பறக்கும். தொழிலாளியின் சட்டையிலும் ஒட்டும், பக்கத்தில் நிறுத்திய சைக்கிளிலும் ஒட்டும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய இடம்

ஹேண்டில் மாட்டுவதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. குனிந்து ஃபோர்க்கைப் பார்த்தேன். இரண்டு கால்களும் மேலே சேருகிற இடத்தை ஃபோர்க்கின் தோள்பட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பக்கம் பெயின்ட் உப்பி, அதற்குள் முடி மாதிரி ஒரு கோடு. துணியால் துடைத்தாலும் போகவில்லை. நகத்தால் கீறினால் நகம் மாட்டியது. விரிசல்!

செயின் அறுந்தால் வண்டி நிற்கும். டியூப் வெடித்தால் இறங்கித் தள்ளலாம். ஃபோர்க் உடைந்தால்? சக்கரம் ஒரு பக்கம், ஆள் தலைகுப்புற ஒரு பக்கம். கையை ஊன்றக்கூட நேரம் கிடைக்காது. இவர் தினமும் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையைத் தொட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். பின்னால் லாரி வருகிற ரோடு அது.

கழுத்தில் அடி என்றால் என்ன என்பது வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்தவர். அவர் முயற்சியால் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966-ல் பாகாயத்தில் வந்தது. அங்கே ஒரு தடவை போய்ப் பார்த்தவர்கள் கழுத்து எலும்பைச் சாதாரணமாக நினைக்க மாட்டார்கள்.

"லேத்துல குடுத்து வெல்டிங் வெச்சுக்கறேன் சார்" என்றார் அவர். நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். விரிசல் விட்ட ஃபோர்க்குக்குப் பற்றவைப்பு வைத்தியம் கிடையாது. சூடு காட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விடும். மோதி வளைந்த ஃபோர்க்கை நெருப்பில் காட்டி நிமிர்த்துவதும் அப்படித்தான். புது ஃபோர்க், புது ஹெட் செட் இரண்டும் சேர்ந்தே சில நூறு ரூபாயில் முடியும். ஒரு பல் கட்டுகிற செலவு கூட இல்லை.

முன்பெல்லாம் தெருவுக்கு ஒரு சைக்கிள் கடை. பாய் கடையில் காலையில் விட்டால் மாலையில் எடுத்துக்கொள்ளலாம். இப்போது அந்தக் கடைகளில் பாதி மோட்டார் சைக்கிள் கடைகளாகிவிட்டன. 'நாளைக்கு வா' என்று நாலு நாள் அலைய விடுகிறார்கள். சம்பளக்காரர் என்ன செய்வார்? விரிசலோடு ஓட்டுவார். அதனால்தான் சொல்கிறேன், இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தபோது ஹாஸ்டல் வராந்தாவில் என் சைக்கிளை நானே பிரித்து மாட்டியிருக்கிறேன். மூலிகைத் தோட்டத்து வாத்தியார் பார்த்துவிட்டு, "உரலில் அரைக்கச் சொன்னா ஓடிப்போறே, இதுல மட்டும் எண்ணெய்க் கையா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில்...

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்கே போனேன். அதுவரை சைக்கிளைத் தொடக்கூடாது, பஸ்ஸில் போக வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்தேன். விரிசல் விட்ட ஃபோர்க்கைக் கழற்றுகிற வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

புதுச் சாமானை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஃபோர்க் சக்கரத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும். அதோடு, ஃபிரேமுக்குள் நுழைகிற தண்டின் நீளமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் மேலே பூட்டு நட்டுக்கு மரை போதாது. நீளமாக இருந்தால் நட்டு அடிவரை இறங்காது. மரையும் பொருந்த வேண்டும். புது நட்டைக் கையாலேயே புது ஃபோர்க்கில் சுற்றிப் பாருங்கள். சுகமாக இறங்க வேண்டும், தள்ளாடவும் கூடாது. வண்டியையே கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டி வாங்குவது உத்தமம்.

வேலைக்கு வேண்டியவை: நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், ஒன்று பெரிய வாய் உள்ளது. ஒரு சுத்தியல், ஒரு மரக்கட்டை, நீளமான இரும்புக் கம்பி, ஃபோர்க் தண்டின் மேல் நுழையும் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டு. கிரீஸ் ஒரு சின்ன டப்பா. கழுவ மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் டீசல். அடுப்புப் பக்கம் வேண்டாம், வாசலில் வைத்துச் செய்யுங்கள். ஒரு பழைய வெள்ளை வேட்டியும் வேண்டும். அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

முதலில் முன்சக்கரம், பிறகு மட்கார்டு, பிரேக் கம்பிகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பிரிக்கும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொண்டே போகச் சொன்னேன். அவருடைய மகள், பிளஸ் டூ படிக்கிறாள், அந்த வேலையை எடுத்துக்கொண்டாள்.

ஹேண்டிலைக் கழற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நடுவில் இருக்கும் நீள போல்ட்டை முழுக்கக் கழற்றிவிட்டு ஹேண்டிலை இழுத்தால் வராது. போல்ட்டை மூன்று சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதன் தலையில் மரக்கட்டையை வைத்து ஒரு தட்டு. உள்ளே இறுக்கிப் பிடித்திருக்கும் ஆப்பு கீழே விழும் சத்தம் கேட்கும். அப்புறம் ஹேண்டில் தானாக வரும். துரு பிடித்திருந்தால் முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு வையுங்கள். அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட் உடையும்.

இனிமேல்தான் வேட்டி. அதை விரித்து, வண்டியை அதன் மேல் நிறுத்தி, பூட்டு நட்டு, வாஷர், மேல் கோன் என்று சுற்றிக் கழற்றினோம். ஒரு கை ஃபோர்க்கைக் கீழேயிருந்து தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் பால்ரஸ் உருண்டைகள் நாலா பக்கமும் ஓடும், கடுகு கொட்டின மாதிரி. கறுப்புக் கிரீஸ் பூசிய உருண்டையை மண் தரையில் தேடிப் பார்த்தவருக்குத்தான் வெள்ளை வேட்டியின் அருமை தெரியும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று மகள் எண்ணி, நாள்காட்டித் தாளில் எழுதி வைத்தாள்.

"பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு சார்? கையெல்லாம் கரி" என்றார் அம்மா, டீ டம்ளரை வைத்தபடி.

1991-ல் புதுக்கோட்டையில் நடந்ததைச் சொன்னேன். அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிப் பழகினார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டம்ளரை எடுக்க வந்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பழைய கப்புகளை எடுக்க, குழாய்க்குள் நீளக் கம்பியை விட்டு, விளிம்பில் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டினோம். ஒரே பக்கம் அடித்தால் ஃபிரேமின் வாய் முட்டை வடிவமாகிவிடும். வெளியே வந்த கீழ்க் கப்பைத் துடைத்து வெயிலில் காட்டினேன். வரிசையாகக் குழிகள், அச்சுக் குத்தின மாதிரி. "இதுதான் உங்க கழுத்து வலி" என்றேன். அவர் அதை வாங்கி வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

புதுக் கப்பை வைத்து, மேலே மரக்கட்டை வைத்துத்தான் தட்ட வேண்டும். நேரடியாகச் சுத்தியல் படக்கூடாது. சாய்ந்து இறங்கினால் நிறுத்தி, திரும்ப எடுத்து, நேராக வையுங்கள். அடிவரை உட்கார்ந்ததும் தட்டுகிற சத்தம் மாறும். மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள், "சத்தம் கெட்டியாயிடுச்சு சார்!" புது ஃபோர்க்கின் தோள்பட்டையில் உட்காரும் கீழ்க் கோனையும், குழாய்த் துண்டை மேலே நுழைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினோம். சில வண்டிகளில் கப்பும் கோனும் இடம் மாறியிருக்கும். அதற்குத்தான் அந்தப் படங்கள்.

அடுத்து கிரீஸ். அம்மா உள்ளே போய் விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தார். வைத்தியர் வீட்டுக்கு வந்திருக்கிறார் அல்லவா! விளக்கெண்ணெயின் புகழை நாள் முழுக்கப் பாடுகிறவன்தான் நான். ஆனால் இங்கே அது வேண்டாம். தாவர எண்ணெய் எதுவானாலும் நாளாக நாளாகப் பிசினாகிவிடும். கிரீஸ்தான், அதுவும் தாராளமாக.

வண்டியைக் கவிழ்த்து, இரண்டு பேர் பிடித்துக்கொண்டோம். அப்போது கீழ்க் கப் மேலே பார்க்கும். கிரீஸ் பூசி உருண்டைகளை அடுக்குவது சுலபம். உருண்டை புதிதாகவே இருக்கட்டும், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். வட்டம் நிறைந்த பிறகு ஓர் உருண்டைக்கு இடம் காலியாக இருக்கலாம். இடம் இருக்கிறதே என்று இன்னொன்றைத் திணித்தால் ஒன்றோடொன்று முட்டி இறுகிவிடும். ஃபோர்க்கை நுழைத்து, அழுத்திப் பிடித்தபடியே வண்டியை நிமிர்த்தி, மேல் கப்பிலும் அதே மாதிரி அடுக்கி, மேல் கோனைக் கையால் சுற்றினோம்.

இறுக்கத்தில்தான் இருக்கிறது வித்தை

கோனைக் கையால் முடிகிறவரை இறுக்கி, ஒரு நூல் பின்னால் தளர்த்தி, அதை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்க வேண்டும். பூட்டு நட்டு இறுகும்போது கோனும் கொஞ்சம் இறங்கும். அதனால் ஒரே தடவையில் சரியாக வராது. எங்களுக்கு நாலு தடவை ஆனது.

சோதனை இரண்டு. முன்சக்கரத்தையும் பிரேக்கையும் மாட்டி, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கை ஹெட் செட் மேல் இருக்கட்டும். 'கடக் கடக்' என்று விரலில் தெரிந்தால் தளர்வு. பிறகு முன்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்டில் தன் பாரத்திலேயே இரண்டு பக்கமும் சரிய வேண்டும். எங்காவது நின்றால் இறுக்கம். இரண்டு சோதனையிலும் தேறினால்தான் வண்டி ரோட்டுக்கு.

ஹேண்டில் தண்டு குறைந்தது இரண்டரை அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும். உயரம் வேண்டுமென்று மேலே மேலே தூக்கி வைத்து, அது கையோடு வந்து விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டியதும் முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருகிப் பாருங்கள். நகரக்கூடாது. நாலைந்து நாள் ஓட்டிய பிறகு கப்புகள் இன்னும் கொஞ்சம் உட்காரும். அப்போது மறுபடி ஒரு தடவை அதே இரண்டு சோதனை.

எதுவரை வீட்டில் செய்யலாம் என்று கேட்பீர்கள். ஃபிரேமின் குழாயே வாய் பிளந்திருந்தாலோ, புதுக் கப் கையாலேயே உள்ளே போய் ஆடினாலோ நிறுத்திவிடுங்கள். அது மெக்கானிக் வேலை. கியர் வண்டி, ஸ்பிரிங் ஃபோர்க் வண்டிகளுக்கும் நான் சொன்ன அளவுகள் பொருந்தாது.

மாலை நாலு மணிக்கு அவர் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "கை வெச்சாலே திரும்புது சார், பயமா இருக்குது" என்றார். இரண்டு வருஷம் முரட்டுக் காளையைப் பிடித்த கை, பசுவைப் பிடித்தால் அப்படித்தான் இருக்கும். பழைய ஃபோர்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் இரண்டாக அறுத்துவிடச் சொன்னேன். யாராவது எடுத்து வெல்டிங் வைத்து இன்னொரு வண்டியில் மாட்டிவிடக்கூடாதே!

இரண்டு வாரம் கழித்து வந்தார். கழுத்து லேசாகிவிட்டது. தோள் இறுக்கம் இல்லை. ஆனால் விரல் மரப்பு மட்டும் போகவில்லை.

எனக்கு இதுதான் உறுத்தியது. ஹேண்டில் அழுத்தத்தால் வருகிற மரப்பு பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கம்தான் வரும். இவருக்கோ கட்டைவிரல் பக்கம். சைக்கிள் மேல் பழியைப் போட்டுச் சும்மா இருந்துவிட எனக்கு மனசில்லை. ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொன்னேன். வெறும் வயிற்றிலேயே 190-ஐத் தாண்டியிருந்தது. இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிற கோளாறு சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும். நரம்புப் பரிசோதனைக்கும் சர்க்கரைக்கும் வேலூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மரத்த கையிலிருந்து சாமான் நழுவி விழுந்தாலோ, நடை தள்ளாடினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன்.

"சைக்கிள் ஓட்டலாமா சார்?"

"கட்டாயம் ஓட்டணும். சர்க்கரைக்கு அதைவிட நல்ல மருந்து என்கிட்ட இல்லை."

கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். மகள் கொடுத்து அனுப்பியது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்த இலவச சைக்கிளை அவளே சோதித்துப் பார்த்திருக்கிறாள். முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டினால் 'கடக்' என்கிறதாம். அடுத்த ஞாயிறு பிரிக்கப் போகிறாளாம். பால்ரஸ் எத்தனை வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

பிரித்து எண்ணிய பிறகு, ஓர் உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகச் சொல்லி, சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.